சுரேந்திரனுக்கு மேற்கோள் விழாத இருபத்துமூன்று ஆண்டுகள்

"நான் உயிரோட இருக்கிற வரைக்கும் இந்த இதழ்ல சுரேந்திரனுக்கு ஒரு மேற்கோள் விழாது. எவன் எழுதிக்கொண்டு வந்தாலும் வெட்டுவேன். இந்தக் கை அவன் பேரை எழுதாது. எழுதிச்சுன்னா, இதைச் செம்பனை ஆலையில கொண்டுபோய்க் கொடுத்திடுவேன். பிழிஞ்சு எண்ணெய் எடுத்துக்கட்டும்."

2001ஆம் ஆண்டு, தோட்டப் பொருளியல் ஆய்விதழின் ஆண்டுக் கூட்டத்தில், பாதி கடித்த மசால் வடையைக் கையில் உயர்த்தியபடி கிருபானந்தன் இவ்வாறு சபதம் செய்தார். கேட்டவர்கள் ஐந்து பேர். அவர்களில் ஒருவரான பதிப்பாசிரியர் டாக்டர் விசுவநாதனுக்கு அப்போது காது நன்றாகவே கேட்கும். இருந்தும் கேட்காதவர்போல் தேநீரை ஊதிக்கொண்டிருந்தார். மற்ற நால்வரும் வடையில் மிளகாய் கூடிவிட்டது என்று நினைத்தார்கள். ஒரு மாபெரும் பழிவாங்கலின் முதல் நாளை நேரில் கண்டோம் என்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியாமல் போனது வரலாற்றுக்கு ஏற்பட்ட இழப்பு.

மேற்கோள் என்பது ஆய்வாளர் உலகத்தில் மொய் மாதிரி. 'இன்னார் இன்ன ஆண்டில் இப்படிச் சொன்னார்' என்று உங்கள் கட்டுரையில் எழுதி, கடைசியில் உள்ள நூற்பட்டியலில் அவர் பெயரையும் சேர்த்தால், இன்னாருக்கு ஒன்று விழுந்தது என்று பொருள். நிறைய விழுந்தவர் பேராசிரியர் ஆவார். ஒன்றுமே விழாதவர் எழுதியும் எழுதாதவர்.

கிருபானந்தன் பேராசிரியர் அல்லர். லிங்கிப் பக்கம் ஒரு தோட்டத்தில் பெரிய கிராணி, அதாவது தலைமை எழுத்தர். அவருடைய தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்து கிராணியானவர். அப்பா அதே மேசையில் கிராணி. இவரும் அதே மேசை. மூன்று தலைமுறையும் பேனாவால் பிழைத்த குடும்பம். இவர் மட்டும் ஒரு படி மேலே போய், வேலை பார்த்துக்கொண்டே தபால்வழியில் பொருளாதாரப் பட்டம் வாங்கினார். அந்தப் பட்டம்தான் எல்லா வினைக்கும் காரணம். வெறும் கிராணியாக இருந்திருந்தால், நடந்ததை அவமானம் என்று புரிந்துகொள்ளும் அறிவு அவருக்கு வந்திருக்காது.

நடந்தது இதுதான். சுரேந்திரன் இவருடன் சிரம்பானில் ஒரே பெஞ்சில் படித்தவர். பிறகு கோலாலம்பூரில் விரிவுரையாளரானார். 1994இல், ரப்பர் மரம் சீவும் பால்வெட்டுத் தொழிலாளர் சம்பளத்தைப் பற்றி ஆய்வு செய்ய அவருக்கு ஆசை வந்தது. அவருக்குத் தோட்டம் என்றால் நெடுஞ்சாலையில் போகும்போது இரண்டு பக்கமும் தெரிகிற பச்சை. ஆகவே பழைய பெஞ்சு நண்பரைத் தேடி வந்தார். பதினான்கு மாதம், ஞாயிறு தவறாமல், கிருபானந்தன் தன் மோட்டார் சைக்கிளில் பகாவ், கோலா கிளாவாங், லிங்கி என்று பத்தொன்பது தோட்டங்களுக்குப் போனார். ஒவ்வொரு கிராணியிடமும் பேசிச் சிரித்து, செக்ரோலைத் திறக்க வைத்து, பெயர் பெயராக நகலெடுத்தார். செக்ரோல் என்றால் தோட்டத்தின் ஆள் பதிவேடு: யார் வந்தார், எவ்வளவு பால் கொண்டுவந்தார், எவ்வளவு சம்பளம் என்று எல்லாம் அதில் இருக்கும். வெளியாள் கையில் அது சேராது.

1996இல் கட்டுரை இதே ஆய்விதழில் வந்தது. ஆசிரியர்: சுரேந்திரன். ஏழாவது அடிக்குறிப்பில், 'போக்குவரத்து உதவிக்கு நண்பர் திரு. கிருபானந்தனுக்கு நன்றி.'

போக்குவரத்து! மோட்டாருக்கு நேராக நன்றி சொல்லியிருந்தால்கூட ஒரு நியாயம் இருந்திருக்கும். பெட்ரோல் குடித்தது அதுதானே.

அத்தோடு போகவில்லை. கட்டுரையின் முடிவு, பால்வெட்டுத் தொழிலாளியின் சம்பளம் ஒன்றும் மோசமில்லை என்பது. மூன்று சமன்பாடுகளால் அது நிறுவப்பட்டிருந்தது. கிருபானந்தன் அதைப் படித்தபோது, அவமானத்துக்கு நடுவே ஒரு சின்ன மகிழ்ச்சி தலைகாட்டியது. சுரேந்திரன் தப்புப் பண்ணியிருந்தார். செக்ரோலில் ஒரு பெயர் இருந்தால் ஒரு ஆள் என்று எடுத்துக்கொண்டிருந்தார். தோட்டத்தில் வேலை அப்படி நடக்காது. புருஷன் பெயரில் நிரை, அதாவது சீவ வேண்டிய மரவரிசை, இருக்கும். பெண்டாட்டியும் விடியலில் கூட வந்து பாதி மரம் சீவுவாள். பள்ளி விடுமுறையில் மூத்த பிள்ளை வாளி தூக்கும். பால் எல்லாம் ஒரே தராசில், புருஷன் பெயரில் விழும். இரண்டரை ஆள் உழைப்பை ஒரு ஆள் சம்பளமாகப் படித்துவிட்டு, பரவாயில்லையே என்றிருந்தார் விரிவுரையாளர். மோட்டார் ஓட்டியவனைக் கேட்டிருந்தால் தேநீர் குடிக்கும் நேரத்தில் சொல்லியிருப்பான்.

கேட்கவில்லை. ஆகவே ஓட்டியவர் 1998இல் அதே இதழில் ஆறு பக்க மறுப்புக் கட்டுரை எழுதினார். அதை இருபது பிரதி வாங்கி உறவினருக்கெல்லாம் கொடுத்தார். ஒரு மாமா அதைத் திருமண அழைப்பிதழ் என்று நினைத்து, தேதி எங்கே என்று கேட்டார். சுரேந்திரன் பதில் எழுதுவார், அவரை இன்னொரு தடவை அடிக்கலாம் என்று கிருபானந்தன் காத்திருந்தார். மூன்று ஆண்டு காத்திருந்தார். சுரேந்திரன் ஒரு வரிகூட எழுதவில்லை.

அதற்குப் பிறகுதான் வடை, சபதம் எல்லாம்.

சபதத்துக்கு ஒரு பதவி தேவைப்பட்டது. ஆய்விதழின் அலுவலகம் அவர் தோட்டத்திலேயே, பழைய துரை பங்களாவின் பக்கத்து அறையில் இருந்தது வசதியாகப் போயிற்று. அங்கே எவரும் விரும்பாத ஒரு வேலை காலியாகக் கிடந்தது: மேற்கோள் சரிபார்ப்பவர். வருகிற கட்டுரைகளின் மேற்கோள்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, ஆண்டு சரியா, பக்க எண் இருக்கிறதா, பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று உறுதிசெய்ய வேண்டும். குறை இருந்தால் எழுதியவரைக் கேட்க வேண்டும். ஏழு நாளில் பதில் வராவிட்டால் அந்த மேற்கோள் வெட்டப்படும். விதி எல்லோருக்கும் பொது. சுரேந்திரனுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் பொது.

மற்றவர் மேற்கோளில் குறை இருந்தால் கிருபானந்தன் தொலைபேசியில் கூப்பிடுவார். சுரேந்திரன் மேற்கோளில் குறை இருந்தால் கடிதம் எழுதுவார். அதையும் தீபாவளிக்கு முந்திய நாள், சாதாரணத் தபாலில், எழுதியவரின் பழைய முகவரிக்கு அனுப்புவார். குறையே இல்லாவிட்டால் 'மூலப் பிரதியின் நகல் தேவை' என்று கேட்பார். மூலப் பிரதி அவருடைய சொந்த அலமாரியில் இருந்தது.

2009இல் பகாவிலிருந்து சசிதரன் என்ற இளம் ஆய்வாளர் கூப்பிட்டார்.

"சார், அந்த சுரேந்திரன் மேற்கோளை ஏன் சார் எடுத்தீங்க?"

"ஏழு நாள் ஆயிடுச்சு தம்பி. நகல் வரல."

"கடிதம் இன்னிக்குத்தான் சார் வந்துச்சு! எங்க பழைய வீட்டுக்காரங்க கொண்டாந்து குடுத்தாங்க."

"தபால்காரரை நான் என்ன செய்ய முடியும்?"

"சார், அதை எடுத்துட்டா என் பாரா நொண்டுது சார்."

"நொண்டட்டும். மெதுவா நடந்தாத்தான் வாசகருக்குப் புரியும்."

"அப்போ முழு வரியையும் தூக்கிடுறேன் லா சார். அரைகுறையா எதுக்கு?"

"தாராளமா தூக்குங்க," என்றார் கிருபானந்தன், கருணை ததும்பும் குரலில்.

இப்படி ஆண்டுகள் ஓடின. சுரேந்திரன் பேராசிரியரானார், தலைமுடி வெளுத்தது, அரசு கொடுத்த ஒரு பட்டமும் கிடைத்தது. கிருபானந்தன் ஓய்வு பெற்றார். தோட்டத்தில் ரப்பர் போய் முழுக்கச் செம்பனை வந்தது. சிவப்புப் பேனா மட்டும் மாறவில்லை.

பழிவாங்குபவருக்கு நேரக்கூடிய மிகப் பெரிய விபத்து 2016இல் சிரம்பானில் ஒரு கல்யாண விருந்தில் நேர்ந்தது. சுரேந்திரன் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"டேய் கிருபா! எத்தனை வருசம்டா! உன் மோட்டார் இருக்கா இன்னும்?"

"வித்துட்டேன்."

"என்னடா செய்யிறே இப்ப?"

"ஆய்விதழ்ல இருக்கேன்," என்றார் கிருபானந்தன், பல்லைக் கடித்து, ஒவ்வொரு எழுத்துக்கும் அழுத்தம் கொடுத்து.

"எது, அந்தத் தோட்டப் புத்தகமா? அது இன்னும் வருதா!" சுரேந்திரன் உண்மையாகவே மகிழ்ந்தார். "நல்லது லா. நீ பாத்துக்கோ, விட்டுடாதே."

பதினைந்து ஆண்டு முற்றுகை. கோட்டைக்குள் இருப்பவனுக்கு முற்றுகை நடப்பதே தெரியவில்லை. அன்று கிருபானந்தன் பாயாசம் சாப்பிடவில்லை என்பதை அவருடைய மனைவி பாலேஸ்வரி இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்லுவார்.

இப்போது கதை 2024க்கு வருகிறது. ஆய்விதழுக்கு நாற்பது வயது. டாக்டர் விசுவநாதன் ஒரு சிறப்பிதழ் போடத் தீர்மானித்தார். நாற்பது ஆண்டில் எந்தெந்தத் தலைப்பில் எழுதப்பட்டது, யாருடைய கட்டுரை யாரால் சுட்டப்பட்டது என்று எண்ணி ஒரு பெரிய ஆய்வு. எண்ணுவதற்கு நிரஞ்சனா என்ற இளம் விரிவுரையாளரை வரவழைத்தார். ஒரு மடிக்கணினியும் நிறைய வேர்க்கடலையுமாக அவர் பங்களா அறையில் வந்து உட்கார்ந்தார்.

தலைப்புகளின் போக்கு சுவாரசியமாக இருந்தது. முதல் பத்தாண்டு முழுவதும் ரப்பர் விலையைப் பற்றி எழுதினார்கள், விலை விழுந்தது. இரண்டாம் பத்தாண்டில் தோட்டக் குடும்பங்களைப் பற்றி எழுதினார்கள். குடும்பங்கள் பட்டணத்துக்குப் போயின. மூன்றாம் பத்தாண்டில் தோட்டப் பள்ளிகள், பிள்ளைகள் குறைந்தார்கள். இந்த இதழ் எதைத் தொடுகிறதோ அது தோட்டத்தைவிட்டு ஓடுகிறது என்ற முடிவை நிரஞ்சனா நாகரிகம் கருதி எழுதவில்லை. கடந்த ஐந்தாண்டில் தலைப்பில் 'நிலைத்தன்மை' என்ற சொல் இல்லாத கட்டுரைகள் மூன்றே மூன்று. அவற்றில் ஒன்று இரங்கல் குறிப்பு.

கிருபானந்தனுக்கு இதிலெல்லாம் அக்கறை இல்லை. சிறப்பிதழின் கடைசியில் ஒரு பின்னிணைப்பு வரப்போகிறது என்று கேள்விப்பட்டிருந்தார். 'இவ்விதழில் இதுவரை எவராலும் சுட்டப்படாத கட்டுரைகள்' என்று அதற்குத் தலைப்பு. அதில் சுரேந்திரன் பெயரை அச்சில் பார்ப்பதற்காகவே இருபத்துமூன்று ஆண்டு பேனா பிடித்திருந்தார். வெளியீட்டு விழாவுக்குப் புதுச்சட்டை தைத்தாயிற்று. பாலேஸ்வரியின் தம்பி சீவரத்தினம் குடும்பத்தோடு வேன் பிடித்து வருவதாகவும் ஏற்பாடு. ஒரு பிரதி சுரேந்திரன் வீட்டுக்குப் பதிவுத் தபாலில் போகும். இந்தத் தடவை புது முகவரிக்கு.

"அந்தப் பின்னிணைப்பைக் கொஞ்சம் காட்டு பிள்ளை," என்றார்.

"எல்லாரும் முதல் பத்துப் பேர் யாருன்னுதான் கேப்பாங்க அங்கிள். நீங்க வாலைப் பிடிச்சு வரீங்க." நிரஞ்சனா திரையைத் திருப்பினார்.

ஆண்டு வாரியாக அறுபத்தொரு கட்டுரைகள். கிருபானந்தனின் விரல் இறங்கியது. 1996: சுரேந்திரன். விரல் அங்கே நின்றது. அவர் முகத்தில் அப்போது தோன்றிய அமைதியைக் கோயில் சிற்பிகள் பார்த்திருக்க வேண்டும்.

"வெளியில அவருக்கு இருநூத்திப் பதினாலு மேற்கோள் அங்கிள். அந்தக் கட்டுரையை எடுத்துப் பேசாத மாநாடு இல்ல. நம்ம இதழ்ல மட்டும் சைபர். விசித்திரமா இல்ல?"

"இங்க தரம் பாக்குறோம்," என்றார் கிருபானந்தன்.

விரல் தன்னிச்சையாக ஒரு வரி இறங்கியது. 1998: கிருபானந்தன்.

"இதுல ஏதோ பிழை இருக்கு பிள்ளை."

"எதுல?"

"அடுத்த வரியில."

"மூணு தடவை எண்ணிட்டேன் அங்கிள். கம்ப்யூட்டருக்கு உங்க மேல என்ன கோபம்?"

கிராணிகள் காகிதத்தைக் கிழித்துப் போடுவதில்லை. சரிபார்த்த மூலப் பிரதிகள் எல்லாம், சிவப்பு மையோடு, அலமாரியில் ஆண்டு வாரியாக இருந்தன. கணினி பொய் சொல்கிறது என்று நிரூபிக்க அவரே சாவியை எடுத்துக் கொடுத்தார். நிரஞ்சனா இரண்டு நாள் அலமாரியோடு இருந்தார். மூன்றாம் நாள் காலை, வேர்க்கடலையைத் தள்ளிவைத்துவிட்டு அவரை உட்காரச் சொன்னார்.

"அங்கிள், சுரேந்திரன் மேற்கோளை நீங்க வெட்டுனது முப்பத்துநாலு கட்டுரையில."

"விதிப்படி."

"விதியை விடுங்க. அதுல இருபத்தொன்பதுல அவரும் நீங்களும் ஒரே வரியில இருக்கீங்க. கேளுங்க, இது பகாவ் சசிதரன் எழுதினது. 'சுரேந்திரனின் கணக்கு தவறு என்பதைக் கிருபானந்தன் காட்டியுள்ளார்.' நீங்க முன்பாதியை வெட்டுனீங்க. மிச்சம் என்ன? 'என்பதைக் கிருபானந்தன் காட்டியுள்ளார்.' எதை? அந்த மனுசன் வெறுத்துப்போய் முழு வரியையும் எடுத்துட்டாரு. இருபத்தொன்பது பேரும் இதையேதான் செஞ்சிருக்காங்க."

வெளியே ஆலைக்குப் பழம் ஏற்றிப் போகும் லாரி ஒன்று மெதுவாகக் கடந்தது.

"இருபத்தொன்பதா?"

"இருபத்தொன்பது. வெட்டாம விட்டிருந்தா நீங்க மூணாவது இடம் அங்கிள். டாக்டர் விசுவநாதனுக்கு மேல."

இந்தக் கடைசித் தகவலை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அன்று பகல் சாப்பாட்டில் கிருபானந்தன் விஷயத்தை மனைவியிடம் சொன்னார். பாலேஸ்வரி சோற்றைப் போட்டபடியே முழுவதையும் கேட்டார்.

"அப்ப இருபத்துமூண்டு வருசமா உங்கட கழுத்தைத்தானே வெட்டிக்கொண்டு இருந்தனீங்கள்?"

"அவனையும் சேத்துத்தான்."

"அவருக்கு வெளியில இருநூறு தலை இருக்கெண்டு நீங்கள்தானே இப்ப சொன்னனீங்கள். உங்களுக்கு இருந்தது ஒண்டு." குழம்பை ஊற்றினார். "தம்பிக்கு என்ன சொல்லப் போறீங்கள்? வேனுக்குச் சொல்லியாச்சு."

பின்னிணைப்புக்கான எண்ணிக்கை டிசம்பர் இதழோடு முடிகிறது. அந்த இதழுக்கு இன்னும் ஒரே ஒரு கட்டுரைதான் சரிபார்க்கக் கிடந்தது. எழுதியவர் கோலா கிளாவாங்கைச் சேர்ந்த ஜனனி. செம்பனைத் தோட்டங்களில் இந்தோனேசியத் தொழிலாளர் சம்பளத்தைப் பற்றியது. கிருபானந்தன் மறுநாள் காலை அதைத் திறந்தார். நான்காம் பக்கத்தில் கண் நின்றது. குலை வெட்டும் புருஷனுக்குப் பின்னால் உதிரிப்பழம் பொறுக்கிக்கொண்டு வரும் மனைவிமார் எந்தப் பதிவிலும் இல்லை. இருவர் உழைப்பும் ஒரே பெயரில் எழுதப்படுகிறது. இந்தச் சிக்கலைக் கவனிக்காமல் விட்டவர் சுரேந்திரன் என்பதைக் கிருபானந்தன் அன்றே காட்டியிருக்கிறார் என்று அந்தப் பெண் எழுதியிருந்தார்.

இருபத்தாறு ஆண்டுக்கு முன் எழுதிய ஆறு பக்கத்தை யாரோ ஒருவர், மலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, உண்மையாகவே படித்திருக்கிறார். கிருபானந்தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்த வரியை மறுபடி படித்தார்.

பிறகு கட்டுரையின் நூற்பட்டியலைப் பார்த்தார். கிருபானந்தன் இருந்தது. சுரேந்திரன் இல்லை. ஜனனி சேர்க்க மறந்திருந்தார். பட்டியலில் இல்லாத மேற்கோள் வெட்டப்படும் என்பது விதி. இருபத்துமூன்று ஆண்டில் இவ்வளவு சுத்தமான வாய்ப்பு அவருக்கு வந்ததே இல்லை. தபாலே தேவையில்லை. ஒரு கோடு போதும். பின்னிணைப்பில் சுரேந்திரன் சுரேந்திரனாகவே கிடப்பார். பக்கத்தில் துணைக்கு ஆள் உண்டு.

சிவப்புப் பேனாவை எடுத்தார். மூடினார். ஜனனிக்குத் தொலைபேசி போட்டார். தொலைபேசி!

"ஜனனியா? ஆய்விதழ்ல இருந்து பேசுறேன். நாலாம் பக்கத்து வரி... அந்த முன்பாதி இல்லாம நிக்குமா?"

"எந்த வரி சார்? ஹலோ? இங்க லைன் சரியில்ல சார், தோட்டத்துக்குள்ள இருக்கேன்."

"சுரேந்திரன், கிருபானந்தன் வரி."

"ஓ, அதுவா. முன்பாதி இல்லாட்டி அர்த்தமே இல்ல சார். பிரச்சினைன்னா முழுசா எடுத்துடுங்க. எனக்கு ஓகே சார்."

"எடுக்க வேண்டாம்," என்றார் கிருபானந்தன். அவ்வளவு வேகமாக அவர் பேசி யாரும் கேட்டதில்லை. "பட்டியல்ல ஒரு பேர் விட்டுப்போச்சு. அவ்வளவுதான்."

"சாரி சார்! நான் இன்னிக்குச் சாயந்தரம் அனுப்பட்டுமா?"

"வேண்டாம். நானே போட்டுக்கிறேன்."

தொலைபேசியை வைத்தார். அறையில் நிரஞ்சனா இருந்தார். ஆனால் அந்த நேரம் பார்த்து மடிக்கணினியில் மிக முக்கியமான ஏதோ ஒன்றை அவர் தேட வேண்டியிருந்தது. கிருபானந்தன் நீல மைப் பேனாவைத் தேடி எடுத்தார். பட்டியலில் இரண்டு பெயர்களுக்கு நடுவே இருந்த இடைவெளியில், கிராணிகளுக்கே உரிய சாய்வில்லாத கையெழுத்தில், சுரேந்திரன் என்று முழுப்பெயரையும் எழுதினார். ஆண்டு எழுதினார். கட்டுரைத் தலைப்பை எழுதினார். இதழ் எண், பக்கம் 41 முதல் 63 வரை. ஒன்றையும் திறந்து பார்க்காமல்தான் எழுதினார்.

பிறகு, சரிபார்ப்பவர் என்ற முறையில், எழுந்துபோய் அலமாரியிலிருந்து அந்த இதழை எடுத்துப் பார்த்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.